அவர்கள் ஒத்துக்கொண்ட ஞாயிறு

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவார்கள். உள்ளே யாரோ யாரையோ அடிக்கப் போகிற மாதிரி சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால், செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே மூன்று ஆண்கள் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்பார்கள். சொத்துத் தகராறு இல்லை. பங்காளிச் சண்டையும் இல்லை. ராக் இசையில் கிட்டார் வாசித்தவர்களிலேயே யார் பெரியவர் என்பதுதான் வழக்கு.

சுவரோரமாக ஒரு பெண் தலை நிமிராமல் அந்தக் கம்பிச் சுருள்களுக்கு, காயில்களுக்கு, நூல் கட்டிக்கொண்டிருப்பாள். அவளை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருப்பதுதான் அவளுக்கும் வசதி.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் வீட்டு வேலை அவள் தலையில் வந்தது. அன்றிலிருந்தே பேச்சு குறைவு. பேசத் தெரியாது என்றில்லை. சொல்ல நினைத்தது நாக்கு நுனிக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்களின் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். போனதைத் துரத்திப் பிடிக்க அவளுக்குக் கூச்சம். அதனால் கேட்டாள், பார்த்தாள், வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர்தான் அவள் கணவர்; அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் மட்டும்தான் இருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுவதால் நண்பர்களுக்கு அவர் காயில். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நண்பர் லென்சு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் க்ளட்ச். மூவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மீசை அரும்புகிற வயதில் ஒரே கேசட்டை முறை வைத்துக் கேட்டவர்கள். நாடா தேய்ந்து, பாடுகிறவர் தண்ணீருக்கடியில் இருந்து பாடுவது போல ஆன பிறகும் விடவில்லை. தோள் வரை முடி வளர்த்து அப்பாக்களிடம் உதை வாங்கினார்கள். இப்போது லென்சுக்கு வழுக்கை. க்ளட்ச் மட்டும் பின்னந்தலையில் மிச்சமிருந்த நாலு முடியைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார். "அது குடுமி இல்லடா, போன முடிக்கு அஞ்சலி," என்பார் காயில்.

அவர்கள் பேசுகிற கிட்டார்காரர்களுக்கும் பட்டப்பெயர்தான். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்து, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவர் இடதுகை. அவர் லென்சின் ஆள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சுரமாக இழுத்து, நடுவில் விட்டு, பிறகு அடுத்ததைத் தொடுகிறவர் மெத்தை. அவரைக் கேட்டால் படுத்துத் தூங்கத்தான் தோன்றுகிறது என்று காயில் வைத்த பெயர் அது. அவர் க்ளட்சின் ஆள். காயிலின் ஆள் விரல்தொப்பி. தகரம் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் விரல் நுனிகள் போனவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்திக் கட்டி, அதுவரை யாரும் கேட்காத கனத்தில் வாசித்தவர்.

"கை வேலை செய்யறவன்டா என் ஆளு," என்பார் காயில். "உங்காளுங்க எல்லாம் பூப்போட்ட சட்டைக்காரனுங்க."

"உன் ஆளு வாசிக்கிறாரா, இல்ல கடை ஷட்டர இழுத்து மூடறாரா?" என்பார் லென்சு.

"நீ மூக்கு மேல மாட்டறத விட்டுட்டுக் காதுக்கு ஏதாச்சும் மாட்டுடா. அப்பவாச்சும் கேக்குதான்னு பாப்போம்."

"அண்ணே, ஒரு சுரம்னாலும் நெஞ்சுல நிக்கணும்," என்று மூவரில் இளையவரான க்ளட்ச் நுழைவார். "உங்க ரெண்டு பேர் ஆளும் சிக்னல மதிக்காம ஓட்டறவனுங்க."

"உன் ஆளு வண்டியவே எடுக்க மாட்டானேடா! இன்னும் சாவிய தேடிட்டு இருக்கான்!" என்பார் காயில்.

இப்படிப் போகும். ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, "இங்க, இங்க, இதக் கேளு" என்று மேசையைத் தட்டி, டீ ஆறிப்போகும்வரை. வெயில் தணிந்ததும் லென்சு எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "சரி, முடிவு?" என்பார். மூவரும் ஒரே குரலில் "நிலுவை!" என்பார்கள். சிரிப்பார்கள். வண்டிகள் கிளம்பும். கல்யாணம், பிள்ளைப்பேறு, லென்சின் மனைவியின் சாவு, க்ளட்சின் டிரைவிங் ஸ்கூல் இடம் மாறியது, எல்லாம் வந்து போயின. வழக்கு மட்டும் நிலுவையிலேயே இருந்தது.

ஒரே ஒருமுறை லென்சு சுவர்ப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீயும் இத்தன வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்க. நீ சொல்லும்மா, யாரு?" என்றார். அவள் நூலைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தாள். சொல்லவும் இருந்தது. ஆனால் அதற்குள் காயில், "அவள ஏன்டா இழுக்கற, அவளுக்கென்ன தெரியும், பாவம்," என்றுவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு. அவள் நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள்.

அவர் விழுந்தது ஒரு புதன்கிழமை முற்பகல். தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றைக் கட்டி முடித்து ஓடவிட்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓசையில் ஏதோ குறை இருக்கிறது என்கிற மாதிரி முகம் சுளித்தார். அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். வார்த்தையாக இல்லை, குழைந்த மாவு மாதிரி வந்தது. பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்தார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. குறை மோட்டாரில் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை தோளிலிருந்து தொங்கியது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே கட்டிலைப் போட்டாள். பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. "இல்ல." தண்ணீர் வேண்டும் என்றாலும் இல்ல. வேண்டாம் என்றாலும் இல்ல. பசிக்கிறது, வலிக்கிறது, விளக்கை அணை, எல்லாவற்றுக்கும் இல்ல. எந்த இல்ல எதற்கு என்பதை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அதுவரை வார்த்தையை நம்பி அவள் யாரையும் புரிந்துகொண்டதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். படம் போட்ட அட்டைகளைக் கட்டில் மேல் பரப்பி, கப், சீப்பு, சாவி என்று காட்டுவாள். அவர் இல்ல, இல்ல என்று சொல்லி, கடைசியில் இடது கையால் அட்டைகளைத் தட்டிவிடுவார்.

"ஆன்ட்டி, இந்தக் கொஞ்ச மாசம்தான் முக்கியம்," என்றாள் அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "அவருக்கா பேசணும்னு தோணணும். தோணிட்டா வார்த்த ஒண்ணு ஒண்ணா வரும். முயற்சியே பண்ணாம விட்டுட்டாருன்னா இருக்கறதும் போயிரும். அவருக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

அவள் யோசித்துவிட்டு, "சண்ட போடறது," என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நண்பர்கள் வந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு முக்காலிகளைப் போட்டு, கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். பேச ஒன்றும் இல்லாமல் க்ளட்ச் ரெக்கார்டு பிளேயரைப் பின்னறைக்குத் தூக்கி வந்து ஏதோ ஒன்றைப் போட்டார். இடதுகை. பழக்கதோஷத்தில் லென்சின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்ன சொல்லு, இவன் வாசிச்சதுக்கு அப்புறம் உன் விரல்தொப்பி எல்லாம் சும்மா தகர டப்பாடா."

கட்டிலில் கிடந்தவரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. உதடுகள் ஒன்றோடொன்று முட்டி, கோணி, எச்சில் தெறித்து, "ப்... ப்போ... போடா!"

 லென்சு துள்ளி எழுந்தார். "டேய்! திட்டிட்டான்டா! என்னைய திட்டிட்டான்டா!" என்று க்ளட்சின் முதுகில் அறைந்தார். காயிலும் ஒரு பக்க வாயால் சிரித்தார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கு ஞாயிறு அவருக்கு வார்த்தைகள் கூடின. எல்லாம் ஒரே வகை. மடையா. செவிடா. தூங்குமூஞ்சி. ஒரு நாள் மிகவும் பாடுபட்டு, வேர்த்து விறுவிறுத்து, "மெ... மெத்த!" என்றார். க்ளட்ச் அன்று ரப்பர் பேண்டைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். மற்ற நாட்களில் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் "போடா" என்பார். பேச்சுப் பயிற்சிப் பெண் சீப்புப் படத்தைக் காட்டினால் "மடையா" என்பார். "என்னைய மடச்சின்னு சொல்லணும் அங்கிள்," என்று அந்தப் பெண் திருத்துவாள். "பரவால்ல ஆன்ட்டி, கோவத்துல வர்ற வார்த்ததான் முதல்ல திரும்பும். திட்டட்டும். நல்லாத் திட்டட்டும். அந்தக் கதவு வழியாத்தான் மத்ததும் வரணும்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிற்றை எதிர்பார்த்தாள். நண்பர்கள் வருவதற்கு முன் அவருக்கு முகம் துடைத்து, சுத்தமான சட்டை போட்டு, தலையணையை நிமிர்த்தி வைத்து, குத்துச்சண்டைக்கு ஆளைத் தயார் செய்கிறவள் போல நின்றாள்.

ஒரு ஞாயிறு அவர் பெரிதாக ஏதோ சொல்லப் பார்த்தார். திட்டு இல்லை, ஒரு முழு வாக்கியம். இடது கையை வலது கை விரல்களின் மேல் வைத்து அழுத்தி, தன் ஆளின் விரல்களைப் பற்றி ஏதோ. வார்த்தை வரவில்லை. வந்தது உடைந்தது. உடைந்ததை ஒட்டவைக்கப் பார்த்து, முடியாமல், கட்டில் சட்டத்தில் ஓங்கிக் குத்தி, வாய்விட்டு அழுதார். அந்த நேரம் பார்த்து மகளின் போன் வந்தது.

"அம்மா, அது அப்பாவா அழறது? என்னம்மா பண்றாங்க அவங்க? இந்த நிலமைல அப்பாவப் போய் டென்ஷன் பண்ணிட்டு!"

"இல்லடி, அவருக்கு அதுதான்..." என்று அவள் தொடங்கினாள். மகள் தூரத்தில் வேலையில் இருக்கிறவள். பதற்றத்தில் படபடவென்று பேசினாள். வழக்கம் போல அவளுடைய வார்த்தை வருவதற்குள் பேச்சு முடிந்து போனும் வைத்தாயிற்று. மகள் அதற்கப்புறம் லென்சைக் கூப்பிட்டுப் பேசினாள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தபோதே அவளுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. லென்சு சட்டையை இன் பண்ணியிருந்தார். க்ளட்ச் பழங்கள் வாங்கி வந்திருந்தார். அந்த வீட்டுக்கு அவர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்துதான் பழக்கம்.

விரல்தொப்பியின் ரெக்கார்டையே போட்டார்கள். இருவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் க்ளட்ச் மெதுவாகத் திருப்பிப் போட்டார். காயில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தார். எங்கிருந்து அடி விழப்போகிறது என்று பார்க்கிற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

லென்சு தொண்டையைச் செருமினார். "காயிலு. நாங்க ரெண்டு பேரும் பேசினோம்டா. இத்தன வருஷம் வீம்புக்குக் கத்திட்டு இருந்தோம். உக்காந்து நல்லாக் கேட்டா..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னதுதான்டா சரி. விரல்தொப்பிதான் பெரியவரு."

"ஆமாண்ணே," என்றார் க்ளட்ச் தரையைப் பார்த்து. "கை போயும் விடாம வாசிச்சாரு பாருங்க. மெத்த எல்லாம் அவருகிட்ட நிக்க முடியாது."

காயில் புன்னகையோடு காத்திருந்தார். இதற்கடுத்து நக்கல் வரும் என்று நினைத்திருப்பார். ஒன்றும் வரவில்லை. அந்தப் புன்னகை முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, எடுத்து வைக்க ஆளில்லாத பாத்திரம் மாதிரி. பிறகு போய்விட்டது.

"இல்ல," என்றார்.

"அட, நிசமாத்தான்டா."

"இல்ல. இல்ல."

அவர்கள் அதை அவருடைய பழைய இல்ல என்று எடுத்துக்கொண்டார்கள். லென்சு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஜெயிச்சிட்டடா நீ. இனிமே நிம்மதியா இரு."

நிலைப்படியில் டீ தட்டோடு நின்றவள் மட்டும் அந்த முகத்தைப் பார்த்தாள். இனி முழுசாகத் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் கதவுக்கு வெளியே அவளிடம் சொன்னதைக் காயில் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். இதை நம்பினார். லென்சு தன்னிடம் தோற்கிறான் என்றால், க்ளட்ச் தன் ஆளைத் தானே விட்டுக்கொடுக்கிறான் என்றால், தன் கதை முடிந்தது என்று இவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று யாரும் முடிவு கேட்கவில்லை.

அந்த வாரம் முழுதும் அவர் ஒருவரையும் திட்டவில்லை. டீ கொடுத்தால் வாங்கிக் குடித்தார். அட்டைகளைத் தட்டிவிடவும் இல்லை. "அமைதியாயிட்டாரே," என்று பயிற்சிப் பெண் முகத்தைச் சுருக்கினாள். "நல்லதுக்கில்ல ஆன்ட்டி."

அவள் துணிந்து லென்சின் கடைக்குப் போனாள். தனியாக யார் கடைக்கும் அவள் போனதில்லை. கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய சுவர்களுக்கு நடுவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிகிற இடத்தில், முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வந்திருந்தவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, அவரோட சண்ட போடுங்கண்ணே," என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"நீங்க ஒத்துக்கிட்டதுல இருந்து அவரு ஒண்ணும் பேசல. போடா கூட இல்ல."

லென்சு ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "உன் பொண்ணு அழுதாம்மா போன்ல. அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..." என்றார். "சரி, போடறேன். வர்ற வாரம் போடறேன். க்ளட்ச்சையும் கூட்டிட்டு வரேன்."

வந்தார்கள். போட்டார்கள். "இல்லடா காயிலு, நான் திரும்ப யோசிச்சுப் பாத்தேன். இடதுகை கொஞ்சம்... கொஞ்சம் மேலதான்," என்றார் லென்சு. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரல். "போங்கண்ணே, மெத்ததான்," என்றார் க்ளட்ச், முக்காலியில் நெளிந்துகொண்டே. மோட்டாரை ஓடவிட்டுக் காதைச் சாய்த்தால் எந்தச் சுற்று எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர் காயில். இருவரையும் ஒருமுறை பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வண்டி அருகே லென்சு அவளிடம் கையை விரித்தார். "வரலம்மா. அவன் கெடக்கறதப் பாத்துக்கிட்டு எப்படிம்மா தகர டப்பான்னு சொல்றது? அன்னிக்கு யோசிக்காம வந்திருச்சு. இப்ப யோசிச்சுட்டேனே." க்ளட்ச் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை உதைத்தார். "ஞாயித்துக்கிழமை காலைல புதுசா ஒரு வகுப்பு ஆரம்பிக்கறேன் அண்ணி. முடிஞ்சா வரேன்." வகுப்பு காலையில். அவர்கள் கூடுவது மதியத்துக்கு மேல்தான். அவள் அதைச் சொல்லவில்லை.

கடைசி வழி ஒன்று இருந்தது. அவளே அவரோடு சண்டைக்கு நிற்பது. பல நாள் தள்ளிப்போட்டாள். சட்டை மாற்றும்போது தொடங்கலாம் என்று நினைப்பாள். வாய் வராது. சாப்பாடு ஊட்டும்போது என்று நினைப்பாள். வராது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாதபோது, மெத்தையின் ரெக்கார்டை எடுத்துத் துடைத்தாள். அதுவரை அந்த முள்ளை அவள் தொட்டதில்லை. அவர் எப்படிச் செய்வார் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். சரியாக வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. எனக்கு உங்க ஆள ஒரு நாளும் பிடிச்சதில்ல."

அவர் பார்வை சுற்றுகிற ரெக்கார்டின் மேலேயே இருந்தது.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து கேட்டுட்டு இருக்கேன். எப்பப் பாரு இடி. ஒண்ணு விழுந்து முடியறதுக்குள்ள அடுத்தது. கேக்கறவங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்னு விட்டிருக்காரா? எல்லாத்தையும் அவரே சொல்லிரணும். கனமா அடிச்சிட்டா பெரிய ஆளா? கை போனவருன்னு பரிதாபப்பட்டு நீங்க தூக்கி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அவரைச் சீண்டத்தான் தொடங்கினாள். ஆனால் சொல்லச் சொல்ல, அது சீண்டலாக இல்லை. அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்தது.

"மெத்தைன்னு கேலி பண்றீங்களே. அவரு ஒண்ண வாசிச்சிட்டுச் சும்மா இருப்பாரு பாருங்க. இதோ, இப்ப விட்டாரு பாருங்க. அந்தச் சும்மா இருக்கற நேரத்துல எனக்கு எவ்வளவோ ஓடும். நான் சொல்ல நினச்சது, சொல்லாம விட்டது, எல்லாம். அதுக்கு எடம் குடுக்கறாரு அவரு. நீங்க யாராச்சும் குடுத்தீங்களா? லென்சு அண்ணன் ஒரு தடவ கேட்டாரு, யாருன்னு. எனக்கு விட்டீங்களா? இப்பச் சொல்றேன் கேட்டுக்கங்க. அவருதான் பெரியவரு. உங்க ஆளு இல்ல."

அவள் குரல் அந்த அறையில் அவ்வளவு சத்தமாக ஒருநாளும் கேட்டதில்லை. கன்னம் காந்தியது. அவர் தலை அவள் பக்கம் திரும்பியது. கண்ணில் ஒரு கூர்மை வந்தது. அவள் பார்த்தாள், வந்தது. நரம்பு எழுந்தது. உதடுகள் ஒட்டிக் குவிந்தன, அந்த வார்த்தைக்கு எப்படிக் குவியுமோ அப்படி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். திட்டுங்க, திட்டுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ரெக்கார்டில் கிட்டார் ஒரு சுரத்தை இழுத்து, விட்டு, நின்றது.

அவர் உதடு தளர்ந்தது.

"ஆமா," என்றார்.

தெளிவாக, திக்கல் இல்லாமல், முன்பு பேசியது போலவே. இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"இல்லீங்க. அப்படிச் சொல்லாதீங்க. திட்டுங்க. உனக்கென்னடி தெரியும்னு கேளுங்க."

"ஆமா."

"உங்க ஆளுதாங்க பெரியவரு. நான் சும்மா சொன்னேன்."

"ஆமா."

கண்ணில் இருந்த கூர்மை அணைந்திருந்தது. அவர் கோபமாக இல்லை. வருத்தமாகவும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் எழுந்து போய் முள்ளைத் தூக்கினாள். கை தவறி ரெக்கார்டின் மேல் கீறல் விழுந்தது.

பயிற்சிப் பெண் துள்ளிக் குதித்தாள். "புது வார்த்த ஆன்ட்டி! அதுவும் திட்டு இல்ல! எப்படி வர வச்சீங்க?" மகள் போனில் அழுதே விட்டாள். "அப்பா, நான் பேசறது கேக்குதாப்பா?" "ஆமா." "அம்மா, பாத்தியா? பாத்தியாம்மா?" பாத்தேன் என்றாள் அவள். அடுத்த முறை பயிற்சிப் பெண் சீப்பைக் காட்டிச் சாவியா என்று கேட்டாள். ஆமா. கப்பைக் காட்டிச் சீப்பா என்று கேட்டாள். ஆமா. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த "இல்ல"வும் அதற்குள் எங்கோ போயிருந்தது. அவர் முகத்தில் தேடிப் படிக்கவும் இப்போது ஒன்றும் இல்லை. பசிக்கும் அதே முகம், வலிக்கும் அதே முகம்.

லென்சு மட்டும் ஒரு ஞாயிறு வந்தார். தனியாக. முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நண்பரின் முகத்தைப் பார்த்தார்.

"டேய் காயிலு. யாருடா பெரியவன்? இடதுகையா?"

"ஆமா."

"மெத்தையா?"

"ஆமா."

"அப்ப விரல்தொப்பி... தகர டப்பாவா?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா," என்றார் காயில் சாந்தமாக.

லென்சு எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது இல்லாமலேயே தட்டுத்தடுமாறிக் கடை வழியாக வெளியே நடந்தார். டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவள் உள்ளே வந்து முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். அவருக்கு ஒரு பக்கமாகப் படுத்தே தோள் மரத்திருக்கும். "திரும்பிப் படுக்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமா என்றார். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமலே அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, தலையணையைச் சரி செய்தாள்.